வெள்ளையடித்த குடோன்

ராக் வீடியோ என்றால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது ஸ்ரீலேகாவுக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் ஓர் இடிந்த கட்டடம். ஜன்னல் இருந்தால் கண்ணாடி உடைந்திருக்க வேண்டும், சுவர் இருந்தால் காரை உதிர்ந்திருக்க வேண்டும். அப்புறம் புகை. அது எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று யாரும் கேட்கக் கூடாது. பாடுகிறவருக்குத் தோல் ஜாக்கெட்டும் கனத்த பூட்ஸும் உண்டு. மும்பை வெக்கையில் வேர்த்து ஊற்றினாலும் கழற்றக் கூடாது. முடி பறக்க ஒரு ராட்சத விசிறி. ஒரு காலைத் தூக்கி ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொண்டு பாட வேண்டும். டிரம்ஸின்மேல் தண்ணீரை ஊற்றி ஓங்கி அடித்துத் தெறிக்கவிட வேண்டும். கடைசியில் கிடாரைத் தரையில் அடித்து உடைத்தாக வேண்டும். கிடார் உடையாமல் முடிகிற வீடியோ, தாலி கட்டாமல் முடிகிற கல்யாணம் மாதிரி.

இத்தனையும் தன் வீடியோவில் ஒன்று விடாமல் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் கோட்டைப் பக்கத்து இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போய் வருகிறவள் அவள். அந்த ரயிலின் பெயரையே தன் குழுவுக்கும் வைத்திருந்தாள்: ஹார்பர் லைன். பாட்டும் கிடாரும் அவள். பேஸ் கிடார் அவள் சித்தி பிள்ளை கௌசிக். டிரம்ஸ் தாராவியைச் சேர்ந்த அம்மார். பாட்டெல்லாம் தமிழ். எழுதுவது மட்டும் ஆங்கில எழுத்தில், ஏனென்றால் மூன்று பேரில் ஒருவருக்கும் தமிழ் சரளமாகப் படிக்க வராது. பாந்திராவில் ஒரு சின்ன கிளப்பில் வாசித்ததை யாரோ போனில் எடுத்து நெட்டில் போட, அதற்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்: "இது டிஃபன் பாக்ஸ் ராக். ஆபீஸ் விட்டு வந்த அக்கா, வீட்டுக்குப் போகிற வழியில் பாடுகிறார்."

கௌசிக் சிரித்தான். அம்மார் மறந்தே போனான். ஸ்ரீலேகாவுக்கோ அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நெஞ்சில் முள்ளாக நின்றது. அக்காவாம், வழியில் பாடுகிறாளாம். இந்தப் பயல் வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துக் காட்டாவிட்டால் பார் என்று தனக்குத்தானே சபதம் போட்டுக்கொண்டாள்.

அதற்கு வழியும் வந்தது. பூனாவில் டிசம்பரில் நடக்கும் ராக் விழாவுக்குப் புதுக் குழுக்கள் வீடியோ அனுப்பலாம், பிடித்திருந்தால் மேடை. விளம்பரப் படம் எடுக்கும் மானசா, தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தவள், பாட்டைக் கேட்டுவிட்டுத் தானே எடுத்துத் தருவதாகச் சொன்னாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்குக் கேமராவும் ஆட்களும் ஓய்வாகக் கிடைப்பார்கள். அந்த வாரமே வீடியோ போய்ச் சேர வேண்டும். தப்பினால் அடுத்த வருஷம்தான்.

இடம்தான் சவாலாக இருந்தது. நகரத்தில் இடிந்த மில்லெல்லாம் கண்ணாடி மாளிகையாகிவிட்டது. அப்போதுதான் அம்மார் தன் வாப்பாவின் குடோனைப் பற்றிச் சொன்னான். வாப்பா இனாயத்துல்லாவுக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை. கீழ்த்தளத்தில் மிஷின்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். மாடியில் பெரிய குடோன், உபயோகமில்லாமல் பூட்டிக் கிடந்தது. மானசா போய்ப் பார்த்தாள். பார்த்ததும் கூத்தாடாத குறைதான். உரிந்த சுவர், ஒட்டடை, துருப்பிடித்த விசிறி, உடைந்த ஜன்னல், புறா எச்சம். ஒவ்வொரு மூலையாக நின்று போட்டோ எடுத்துத் தள்ளினாள். "எதையும் தொடாதீங்க. ப்ளீஸ், இப்படியே இருக்கட்டும்" என்று அம்மாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாரும் வாப்பாவிடம் அதை அப்படியே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாடகைக்கு எடுத்த பூட்ஸும் ஜாக்கெட்டுமாக ஸ்ரீலேகா தாராவிச் சந்தில் இறங்கி, பட்டறை வாசலில் அண்ணாந்து பார்த்தாள். வாசலுக்குக் குறுக்கே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. அதில் அவர்கள் மூவரின் படம். மேலே தமிழில் கொட்டை எழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'ஹார்பர் லைன் ராக் இசைக் குழுவினரை வருக வருக என வரவேற்கிறோம்.'

"வாங்கம்மா, வாங்க!" இனாயத்துல்லா படியின் உச்சியில் நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இடுப்பில் வெள்ளைச் சாரம், அத்தர் வாசனை. "பாத்து ஏறி வாங்க. படி ஈரமாக் கெடக்கு, இப்பந்தான் கழுவிவுட்டேன்."

மேலே போனால், குடோன் பளிச்சென்று இருந்தது. நீலம் கலந்த சுண்ணாம்பில் சுவர் முழுக்க வெள்ளை. ஜன்னல்களுக்குப் புதுக் கண்ணாடி. துருப்பிடித்த விசிறி இலைப்பச்சை பெயின்ட்டில் சுழன்றுகொண்டிருந்தது. நாலு மூலையிலும் டியூப் லைட். ஃபினாயில் போட்டுத் தேய்த்த தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. ஃபினாயில் வாடை போகச் சாம்பிராணி வேறு புகைந்துகொண்டிருந்தது. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், அம்மாரின் உம்மா நூர் நிஷா கொடுத்தனுப்பிய சமோசாவும் ரோஸ் மில்க்கும்.

மானசா ஏற்கெனவே வந்திருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அம்மார் டிரம்ஸுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு திருக வேண்டாத திருகையெல்லாம் திருகிக்கொண்டிருந்தான். கௌசிக் சமோசா தின்றுகொண்டிருந்தான்.

மானசா அவளை ஜன்னலோரம் இழுத்துப் போனாள். "அரே ஸ்ரீ, இது குடோனா, கல்யாண ஹாலா? என் ஃப்ரேமெல்லாம் போச்சு! சரி, சுன், கேளு. நம்ம ஆர்ட் பசங்க கரி, சுத்தி எல்லாம் வெச்சிண்டிருக்கா. டீ டிகாக்ஷனை ஸ்ப்ரே பண்ணினா சுவர் பழசாயிடும். ரெண்டு மூணு எடத்துல காரையைப் பேத்துட்டா போறும். மதியத்துக்குள்ள பழையபடி ஆக்கிடலாம். ஆனா அவர்கிட்ட யாராவது சொல்லணும். அம்மார் மாட்டேங்கறான்."

"நான் சொல்றேன்" என்றாள் ஸ்ரீலேகா. அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இத்தனை நாள் கனவு கண்ட இடத்தை இந்த மனுஷர் சுண்ணாம்பு அடித்துக் கெடுத்துவிட்டாரே. சொன்னால் கேட்க வேண்டாமா?

விறுவிறுவென்று அவரிடம் போனாள். அவள் வாயைத் திறக்குமுன் அவரே அவளைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டக் கிளம்பிவிட்டார்.

"அந்த மேடம் அன்னைக்கு மூலை மூலையா நின்னு போட்டா புடிச்சாவல்லா? எனக்கு உசிரே போயிட்டு. எங்கெங்க அழுக்குன்னு புடிச்சிட்டுப் போறாவளேன்னு மானக்கேடாப் போச்சும்மா. அவுக புடிச்ச ஒவ்வொரு எடத்தையும் ஞாபகம் வச்சிச் சரி பண்ணிட்டேன். இந்தா, இந்த மூலையிலதான் ஒட்டடை. அந்த ஜன்னல்லதான் புறா. இப்பம் பாருங்க, ஒரு குத்தம் சொல்ல முடியுமா?"

"சாச்சா, எதையும் தொட வேண்டாம்னு அம்மார் உங்ககிட்ட சொல்லலியா?"

"சொன்னாம்மா" என்று சிரித்தார். "சொல்லத்தான செய்வாக. வீட்டுக்கு வாரவுக எல்லாருந்தான் ஒண்ணும் வேண்டாம், சும்மா இருங்கன்னு சொல்லுவாக. அதுக்காவ நாம சும்மா இருந்துருவமா?"

ஸ்ரீலேகாவுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது. அவள் அம்மாவும் அப்படித்தானே? காபி வேண்டாம் என்று சொன்ன விருந்தாளியைக் காபி குடிக்காமல் அவள் வீட்டு வாசலைத் தாண்ட விட்டதுண்டா? மாட்டுங்காவில் வளர்ந்த மானசாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தனக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனாயத்துல்லா வெள்ளைச் சுவரை உள்ளங்கையால் தடவினார். "ஒருக்கா ஒரு பெரிய பார்ட்டி வந்தான், தோல் பைக்கு ஆர்டர் குடுக்க. படியில ஏறயிலேயே கர்சீப்ப எடுத்து மூக்கப் பொத்திட்டான். நான் தச்ச சரக்கப் பாக்கவே இல்ல. சுவத்தப் பாத்தான், போயிட்டான். தாராவின்னா எல்லாம் இடிஞ்சிதான் கெடக்கும்னு நெனைக்கானுவோ. எவன் கேமராவத் தூக்கிட்டு வந்தாலும் சாக்கடையத்தான் புடிக்கான். எம் மவன் வீடியோ உலகம் பூரா போவும்னு சொல்லுதாக. அதுல நம்ம எடம் கெத்தா இருக்கணும்லாம்மா?"

அவளுக்குச் சுரீர் என்றது. கர்சீப்பால் மூக்கைப் பொத்திய ஆளுக்கும், புறா எச்சத்தைப் பார்த்துக் குதித்த தங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது திரும்பிப் போனான். இவர்கள் அதைப் படம் பிடித்து உலகத்துக்குக் காட்ட வந்திருக்கிறார்கள். இடிந்த சுவருக்கு முன்னால் நின்று பாடுகிறவர்கள் எல்லோரும் படம் முடிந்ததும் இடியாத வீட்டுக்குப் போகிறவர்கள்தான். எவனோ முகம் தெரியாதவன் டிஃபன் பாக்ஸ் என்றானாம், அதற்காக இந்த மனுஷரின் சுவரில் கரி பூசப் பார்த்தாயே என்று தன்மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

திரும்பி வந்தாள். "மானசா, ஒண்ணும் பேக்க வேண்டாம். இப்படியே எடு."

"பைத்தியமா? இந்த டியூப் லைட்ல ராக்கா? விழாக்காரா தூக்கிக் குப்பையில போடுவா."

"போடட்டும். இது எங்க டிரம்மர் வீட்டு எடம். கரி பூசிண்டு நின்னாத்தான் ராக்குன்னா, அந்த ராக் எனக்கு வேண்டாம்."

சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. டிரம்ஸுக்குப் பின்னால் அம்மார் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான்.

மானசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கடைசியில் கையை விரித்தாள். "டீக் ஹை. உங்க பாட்டு, உங்க இஷ்டம். ஆனா ஒரே ஒரு கண்டிஷன். கடைசியில கிடார் உடையணும். அதாவது இருந்தாத்தான் இது ராக் வீடியோன்னு நம்புவா."

"உடைக்கறேன்" என்றாள் ஸ்ரீலேகா. அதற்கென்றே ஒரு மட்ட ரகக் கிடார் வந்திருந்தது. ஆர்ட் பையன்கள் அதன் கழுத்தை முன்கூட்டியே முக்கால்வாசி அறுத்துப் பசையால் லேசாக ஒட்டியிருந்தார்கள், ஒரே அடியில் பிளந்துகொள்ள வேண்டும் என்று. முந்தின நாள் மாலையே டிரம்ஸோடு டெம்போவில் வந்து, குடோனில்தான் இருந்தது.

படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. முதல் ஷாட் முடிந்து திரையில் பார்த்த மானசா, "பூட்ஸ் எங்கே?" என்று கத்தினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று பேரும் வெறுங்காலோடு நின்றார்கள். கழுவிய தரையைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றிவிட்டிருந்தார்கள். அவர்கள் மட்டுமா? கேமராக்காரர், விளக்குப் பையன்கள், ஏன், மானசாவின் விலையுயர்ந்த ஷூவும் அங்கேதான் கிடந்தது. வாடகை பூட்ஸுக்குப் பக்கத்தில் இனாயத்துல்லாவின் ரப்பர் செருப்பு. மானசா தன் காலைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் பூட்ஸைப் பற்றிப் பேசவில்லை.

ஸ்பீக்கர்மேல் கால் வைக்கும் ஷாட் அதையும்விடக் கூத்து. ஸ்ரீலேகா ஆவேசமாகக் காலைத் தூக்கி வைத்தாள்; வைத்த வேகத்தில் குனிந்து ஸ்பீக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கட்! என்ன பண்றே?" அவளுக்கே தெரியவில்லை. வாத்தியத்தில் கால் பட்டால் கை தானாகப் போகிறது, மூளையைக் கேட்டா போகிறது? மறுபடியும் எடுத்தார்கள். மறுபடியும் கை போயிற்று. மூன்றாவது தடவை கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகம் பல்வலிக்காரி மாதிரி ஆகிவிட்டது. "சோட் தோ, விட்டுடு, ரெண்டாவதையே வெச்சுக்கறேன்" என்றாள் மானசா. அவள் குரலில் இப்போது எரிச்சல் இல்லை. லென்ஸை மாற்றச் சொன்னாள்.

அம்மார் டிரம்மில் தண்ணீரை ஊற்றியதுதான் தாமதம், இனாயத்துல்லா துணியோடு ஃப்ரேமுக்குள் ஓடி வந்துவிட்டார்.

"ஏலே, தோல்ல தண்ணிய ஊத்துதியே, கிறுக்கா ஒனக்கு?"

"வாப்பா, இது தோல் இல்ல, பிளாஸ்டிக்!"

"என்னமும் இருக்கட்டும். சோறு போடுத சாமான நனைப்பியா?" என்று ஒரு சொட்டு விடாமல் துடைத்துவிட்டுத்தான் ஓரத்துக்குப் போனார். கேமரா ஓடிக்கொண்டே இருந்ததை அவரும் கவனிக்கவில்லை, அம்மாரும் கவனிக்கவில்லை.

ஆனால் இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வெறுங்காலில் குளிர்ந்த தரை, மேலே பச்சை விசிறி, வெள்ளைச் சுவரில் எதிரொலித்துத் திரும்பி வருகிற தன் குரல். 'கதவு திறந்துதான் இருக்கு, வந்து பாரு' என்ற வரியைப் பாடும்போது ஸ்ரீலேகா முதல்முறையாக யாரைப் போலவும் நிற்கவில்லை. கீழே மிஷின்களை நிறுத்திவிட்டுப் பட்டறை ஆட்கள் படியில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாந்திரா கிளப்பில் வராத குரல் இங்கே வந்தது.

கடைசி ஷாட். மானசா கையைக் காட்டினாள். ஸ்ரீலேகா தன் கிடாரைப் பத்திரமாக இறக்கிவைத்துவிட்டு, ஓரத்தில் சாய்த்திருந்த அந்தக் கிடாரை எடுத்தாள். அதன் கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் தோல் ஒன்று பளபளவென்று கட்டியிருந்தது. ஆர்ட் பையன்களின் அலங்காரம் என்று நினைத்தாள். அழகாகத்தான் இருந்தது. பாட்டு உச்சத்துக்குப் போனது. கிடாரைத் தலைக்குமேல் தூக்கி, டிஃபன் பாக்ஸ் என்றவனை மனதில் நிறுத்தி, ஓங்கித் தரையில் போட்டாள் ஓர் அடி.

'ஞொய்ங்' என்றது கிடார். உடையவில்லை.

மறுபடியும் அடித்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. கிடார் குத்துக்கல்லாக இருந்தது. மூன்றாவது அடிக்கு அவள் கைதான் மரத்துப் போயிற்று. பாட்டு முடிந்துவிட்டது. ஆர்ட் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள்.

அப்போது ஓரத்திலிருந்து பெருமை பொங்க ஒரு குரல் வந்தது.

"உடையாதும்மா! நான் ஒட்டினதுலா!"

எல்லோரும் திரும்பினார்கள். இனாயத்துல்லா முகமெல்லாம் பல்லாக நின்றார். "நேத்து சாமான எறக்கயில பாத்தேன், கழுத்துல விரிசல். வண்டியில வரயில அடிபட்டுட்டுபோல, பாவம், புள்ள என்ன செய்யும்னு நம்ம சொல்யூஷனப் போட்டு ஒட்டி, எரும தோல வச்சி இறுக்கி, ரிவெட் அடிச்சிவுட்டேன். இனிமே நீங்க லாரியில போட்டு அடிச்சாலும் உடையாது!"

அம்மார்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். அடுத்து கௌசிக். அப்புறம் படியில் நின்ற பட்டறை முழுவதும். ஸ்ரீலேகா அந்த உடையாத கிடாரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தாள். இனாயத்துல்லாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. ஆனாலும் தன் வேலையைப் பாராட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து சிரித்தார். அவர் நினைத்ததில் தப்பும் இல்லை.

மானசா 'கட்' சொல்லவேயில்லை.

அவள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டாள். வாசலில் கிடந்த செருப்பு வரிசையில் வீடியோ ஆரம்பித்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டது, துணியோடு ஓடி வந்தது, தூக்கிப் பிடித்த கிடார், பாட்டு நின்ற பிறகு வந்த அந்தக் குரல், எல்லாம் இருந்தன. விழாக்காரர்கள் குப்பையில் போடவில்லை. கூப்பிட்டார்கள். வீடியோவைத் தாங்களே நெட்டிலும் போட்டார்கள்; விழா வருவதற்குள் அது போன் போனாகச் சுற்றிவிட்டது.

டிசம்பரில் பூனா. புதுக் குழுக்களுக்கு மேடை கொடுப்பது மொட்டை வெயிலில்தான். ஆனாலும் கூட்டம் இருந்தது. மேடைக்குப் பின்னால் நூர் நிஷா கட்டிக் கொடுத்த பிரியாணியைத் தங்கள் ஆபீஸ் டிஃபன் பாக்ஸில் வைத்தே சாப்பிட்டார்கள். அந்த முள் நெஞ்சில் எங்கே இருந்தது என்று ஸ்ரீலேகா தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறி, "நாங்க ஹார்பர் லைன், செம்பூர், தாராவி" என்று மைக்கில் சொன்னபோது அவள் குரல் கணீரென்று ஒலித்தது. இனாயத்துல்லா அதே வெள்ளைச் சட்டையில் மேடையோரம் நின்றுகொண்டிருந்தார். இந்த மாதிரி இடத்துக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. காதில் பஞ்சு வைத்திருந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்தது. ஸ்ரீலேகா தோல் கட்டிய அந்தக் கிடாரைத் தலைக்குமேல் தூக்கினாள். உடனே கூட்டத்தில் எங்கோ ஒரு மராத்திப் பையன் கத்தினான். பக்கத்திலிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் மைதானமே கத்தியது. தமிழின் வாசனை அறியாத வாய்கள். உச்சரிப்பு ஆளுக்கொரு தினுசு. ஆனால் வார்த்தை ஒன்றுதான்.

"உடையாதும்மா! உடையாதும்மா!"

இனாயத்துல்லா காதுப் பஞ்சைப் பிடுங்கினார். "என்னம்மா சொல்லுதானுவோ?"

"உங்க வார்த்தையைத்தான் சாச்சா" என்று ஸ்ரீலேகா அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒரு கணம் அந்தக் கூட்டத்தைப் பார்த்து மலைத்து நின்றார். யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கவில்லை. எல்லோருடைய கையும் உயர்ந்திருந்தது. பிறகு காலரைச் சரிசெய்துகொண்டு, ஸ்ரீலேகா நீட்டிய மைக்கை வாங்கி, மிச்ச வரியைத் தன் வாயாலேயே சொன்னார்.

"நான் ஒட்டினதுலா!"